எந்தத் தேநீர் உயர்ந்தது? – வாசகர் கேள்வி பதில்

தேநீர் வகைகளைச் சுவைத்து ஒப்பிடுவது பற்றியும், அவற்றைத் தயாரிக்கும் முறைகள் பற்றியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் சிலவற்றுக்கு இங்கே விடை தரப்படுகிறது. ‘எது சிறந்தது?’ என்று கேட்டவர்களே மிகுதி. அக்கேள்வியை ‘எதற்குச் சிறந்தது?’ என்று மாற்றிக்கொண்டுதான் பெரும்பாலான விடைகளை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: கடையில் கிடைக்கும் டீத்தூளைப் பாலில் கொதிக்கவைத்துக் குடிப்பதே எங்கள் வீட்டு வழக்கம். உறவினர் ஒருவர் டார்ஜிலிங்கிலிருந்து வாங்கி வந்த விலையுயர்ந்த தேயிலையையும் அப்படியே கொதிக்கவைத்தேன். நிறமும் இல்லை, திடமும் இல்லை. அது மட்டமான சரக்கா, அல்லது டார்ஜிலிங்கின் புகழே வெறும் விளம்பரமா?
(ஒரு வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: இரண்டும் இல்லை. தேயிலை நல்லதாகவே இருந்திருக்கும். தனக்குப் பொருந்தாத முறையில் காய்ச்சப்பட்டதுதான் அதற்கு நேர்ந்த கேடு. சீரகச் சம்பாவை இட்லிக்கு அரைத்துவிட்டு, இட்லி அரிசியைவிட இது மட்டம் என்று தீர்ப்புச் சொன்னால் எப்படியோ, அப்படித்தான் இதுவும்.

நம் கடைகளில் விற்கும் தூளில் பெரும்பகுதி சி.டி.சி. (க்ரஷ், டியர், கர்ல்) முறையில் செய்யப்பட்டது. பற்கள் வெட்டப்பட்ட இரண்டு உருளைகள் எதிரெதிர்த் திசையில், வெவ்வேறு வேகத்தில் சுழலும்போது, அவற்றுக்கு நடுவே செலுத்தப்படும் வாடிய இலை நசுங்கி, கிழிந்து, சிறு மணிகளாகச் சுருண்டு வெளியே வரும். 1930களில் அசாமில் உருவான இந்த முறையில் இலையின் செல்கள் அநேகமாக முழுவதும் உடைந்துவிடுவதால், அதன் சாறு காற்றோடு விரைவில் வினைபுரிந்து கருக்கிறது. வெந்நீர் பட்டவுடன் நிறமும் துவர்ப்பும் திடமும் ஒருசேர இறங்கிவிடுகின்றன. பாலும் சர்க்கரையும் சேர்ந்த பிறகும் தேநீரின் சுவை அமுங்கிவிடக் கூடாது என்பதற்காகவே செய்யப்பட்ட தூள் அது. பாலில் உள்ள கேசீன் என்ற புரதம் தேநீரின் துவர்ப்புப் பொருள்களைப் பற்றிக்கொண்டு, அவை நாக்கில் உறைக்காதபடி செய்துவிடும். துவர்ப்பு மிகுந்த தூளுக்கு இது நல்லது. எஞ்சி நிற்பதற்கு அதில் இன்னும் நிறைய இருக்கிறது. மென்மையான இலையில் எதுவும் எஞ்சுவதில்லை.

டார்ஜிலிங் தேயிலை, சிறிய இலைகள் கொண்ட சீன வகைச் செடியிலிருந்து பெரும்பாலும் ஆர்த்தடாக்ஸ் முறையில், அதாவது இலையைக் கிழிக்காமல் உருட்டிச் செய்யப்படுவது. பிப்ரவரி இறுதியில் தொடங்கும் முதற் பறிப்பின் இலைகளை நெடுநேரம் கடுமையாக வாட்டிவிடுவதால், அவை முழுவதும் கருப்பதில்லை. தேநீர் வெளிர்பொன் நிறத்தில் பூமணத்தோடு இருக்கும். மே, ஜூன் மாதங்களின் இரண்டாம் பறிப்பில், தத்துப்பூச்சிகள் இலையைக் கடித்துச் சாற்றை உறிஞ்சும்போது அதற்கு எதிர்வினையாகச் செடி உண்டாக்கும் மணப்பொருள்களே பெயர்பெற்ற ‘மஸ்கட்’ திராட்சை மணத்தைத் தருகின்றன. பூச்சி கடித்த இலைக்கு விலை கூடுவது விவசாயத்தில் அரிதான செய்தி. இத்தகைய மணமெல்லாம் எளிதில் ஆவியாகிவிடுவது. நீங்கள் கொதிக்கவைத்தபோது சமையலறை மணத்திருக்கும்; கோப்பைக்கு மிஞ்சியது சுவையற்ற வெந்நீர்.

எஞ்சியிருக்கும் இலையில் 4 கிராம் எடுத்து, கொதித்து இறக்கி அரை நிமிடம் ஆன 200 மில்லி நீரை ஊற்றி, மூடி, மூன்று நிமிடம் கழித்து வடித்து, பாலும் சர்க்கரையும் இல்லாமல் ஒரு முறை குடித்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் பழைய தூளுக்கே தாராளமாகத் திரும்பலாம். விலையைப் பார்த்து நாக்கு தன்னை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. இந்தியாவில் முதன்முதலில் புவிசார் குறியீடு பெற்ற பொருள் டார்ஜிலிங் தேயிலை என்பதால், அடுத்த முறை வாங்கும்போது பொட்டலத்தில் அதற்குரிய சின்னம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: குன்னூரில் ஏலத்துக்கு வரும் தேயிலையைச் சுவைத்தே தரம் பிரிக்கிறார்கள் என்கிறார்கள். அவர்கள் எப்படிச் சுவைக்கிறார்கள்? அதை வீட்டில் செய்து பார்க்க முடியுமா?
(ஒரு கல்லூரி மாணவர், திருச்சிராப்பள்ளி)

பதில்: முடியும், செலவும் குறைவு. ஆனால் டீ டேஸ்டர்கள் காய்ச்சுவது குடிப்பதற்கான தேநீர் அல்ல என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். குற்றம் எங்கே ஒளிந்திருந்தாலும் வெளியே வரவேண்டும் என்பதற்காக, வேண்டுமென்றே கடுமையாக ஊறவைக்கப்படும் சாறு அது.

இதற்கென்று ஓர் உலகத் தரநிலையே இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 3103 என்ற எண்ணுடைய அந்த ஆவணம் 1980இல் வெளியானது. 100 மில்லி நீருக்கு 2 கிராம் தேயிலை, அப்போதுதான் கொதித்த நீர், மூடியுள்ள வெள்ளைப் பீங்கான் கலம், சரியாக 6 நிமிடம் என்று அது வரையறுக்கிறது. இதற்கு மூலமான பிரிட்டிஷ் தரநிலைக்கு 1999இல், சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கென வழங்கப்படும் இக் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு கோப்பைத் தேநீர் போட ஆறு பக்க வழிமுறையா என்ற கேலி அதில் இருந்தாலும், அந்த ஆறு பக்கத்திலும் நியாயம் உண்டு. இரண்டு தேயிலைகளை ஒப்பிட வேண்டுமானால் அவற்றைத் தவிர மற்ற அனைத்தும் ஒன்றாக இருக்க வேண்டும்; எடையும் நீரும் நேரமும் கலமும் மாறினால் எதை ஒப்பிட்டோம் என்பதே தெரியாமல் போய்விடும்.

வீட்டில் ஒரே மாதிரியான மூன்று வெள்ளைக் கோப்பைகளும், மூட மூன்று சிறு தட்டுகளும், கிராம் காட்டும் ஒரு தராசும் போதும். கரண்டியால் அளந்தால் கணக்கு தவறும். ஒரு தேக்கரண்டி சி.டி.சி. தூளின் எடையில் பாதிகூட ஒரு தேக்கரண்டி நீள இலைக்கு இருக்காது. ஊறியதும் வடித்துவிட்டு, மூன்றை வரிசையாகக் கவனியுங்கள். முதலாவது உலர்ந்த இலை: அளவு ஒன்றுபோல் இருக்கிறதா, காம்பும் நாரும் மிகுந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டாவது வெந்த இலை: புதிய செப்புக் காசின் நிறத்தில் பளிச்சென்று இருந்தால் நன்று, மங்கிய பழுப்பாகவோ ஆங்காங்கே பச்சையாகவோ இருந்தால் செய்முறையில் ஏதோ சறுக்கியிருக்கிறது. மூக்கை இதற்குத்தான் மிகுதியாகப் பயன்படுத்த வேண்டும். சூடாக இருக்கும் ஈர இலை மறைத்து வைப்பது எதுவும் இல்லை. மூன்றாவதுதான் சாறு.

சாற்றைக் கரண்டியில் எடுத்துக் காற்றோடு சேர்த்து ‘சுர்ர்’ என்று சத்தம் வரும்படி உறிஞ்ச வேண்டும். துளிகள் வாய் முழுவதும் தெறித்து, மணம் தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும். இந்த மணம்தான் நாம் ‘ருசி’ என்று சொல்வதில் பெரும் பங்கு. நாக்கு மட்டும் அறிவது கசப்பும் இனிப்பும் போன்ற சிலவே. விருந்தினர் முன்னால் செய்ய முடியாத இந்த உறிஞ்சலைத் தயங்காமல் செய்பவருக்கே வேறுபாடு தெரியும். பிறகு துப்பிவிடலாம், அல்லது ஒரு மிடறு விழுங்கலாம்.

என்ன குறித்துக்கொள்வது என்று கேட்பீர்கள். ‘நன்று’, ‘சுமார்’ என்று எழுதாதீர்கள். துவர்ப்பு எங்கே பிடிக்கிறது, பல் ஈறுகளிலா நாக்கின் நடுவிலா. வந்த துவர்ப்பு உடனே விலகி வாயைப் புத்துணர்வாக விடுகிறதா, அல்லது வாழைக்காய்க் கறை போல ஒட்டிக்கொள்கிறதா. சாறு நீர்த்திருக்கிறதா, கனத்திருக்கிறதா. விழுங்கிய பிறகு மணம் எவ்வளவு நேரம் நிற்கிறது. இந்த நான்கும் போதும். தொடக்கத்தில் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அசாம் சி.டி.சி., நீலகிரி ஆர்த்தடாக்ஸ், ஏதேனும் ஒரு பச்சைத் தேயிலை என்று வைத்தால் முதல் நாளிலேயே வேறுபாடு விளங்கிவிடும். பால் தேநீருக்காக வாங்கும் தூள் என்றால், சாற்றில் ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரே அளவு பால் விட்டு இரண்டாம் முறையும் சுவையுங்கள். வெறும் சாறாக முரட்டுத்தனமாக இருந்த தூள், பால் விட்டதும் பளபளவென்ற செம்பொன் நிறத்தோடு எழுந்து நிற்பதும், வெறும் சாறாக மயக்கிய ஒன்று சாம்பல் பூத்துப் படுத்துவிடுவதும் அப்போது தெரியும்.

கேள்வி: அதே தூள், அதே பால், அதே கை. ஆனால் ஊட்டியிலும் கோவையிலும் வாய்க்கும் தேநீர் சென்னை வீட்டில் வாய்ப்பதில்லை. மேலே ஏடு போல ஒரு படலமும் மிதக்கிறது. காரணம் என்ன?
(ஒரு வாசகர், சென்னை)

பதில்: தண்ணீர். பால் விடாத தேநீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு அதுதானே. ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியமும் பைகார்பனேட்டும் மிகுந்திருக்கும். இவை தேநீரின் துவர்ப்புப் பொருள்களோடு சேர்ந்து, காற்றுப் படும் மேற்பரப்பில் அந்தப் படலத்தை உண்டாக்குகின்றன. சாற்றின் பளபளப்பைக் குறைத்து, நிறத்தைக் கருஞ்சிவப்பாக மங்கவைக்கின்றன. எலுமிச்சைச் சாறு நாலு துளி விட்டதும் கறுந்தேநீர் சட்டென்று வெளிறுவதைப் பார்த்திருப்பீர்கள். அது அமிலத்தின் வேலை. காரத்தன்மையுள்ள நீர் அதற்கு நேர்மாறானதைச் செய்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து வரும் சிறுவாணி நீர் மென்மையானது என்பதால், கோவைக்காரர்கள் தங்கள் தேநீரைப் பற்றிப் பெருமை பேசும்போது அதில் பாதிப் பெருமை அணைக்கட்டுக்கு உரியது.

ஊட்டியின் கதையில் இன்னொன்றும் இருக்கிறது. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் நீர் 100 டிகிரியில் அல்ல, ஏறத்தாழ 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். துவர்ப்பு சற்று மெதுவாக இறங்குவதால், மணம் மேலோங்கித் தெரியும். மலையில் ஒரு நிமிடம் கூடுதலாக ஊறவைக்கலாம். சமவெளியில் அதே நேரம் வைத்தால் கடுக்கும்.

வீட்டில் செய்யக்கூடியது: சுத்திகரிப்புக் கருவியின் நீரில் ஒரு கோப்பையும் குழாய் நீரில் ஒரு கோப்பையும் ஒரே எடையில் போட்டு அருகருகே வைத்துப் பாருங்கள். படலம் எதில் வருகிறது என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். தூளை மாற்றுவதற்கு முன்னால் இதைச் செய்தால் வீண் செலவு மிச்சம்.

கேள்வி: டீக்கடை டீயின் ருசி வீட்டில் ஏன் வருவதில்லை?
(பலர் கேட்டது)

பதில்: கடையில் கொதிப்பது பால் தனி, டிகாஷன் தனி என்பதே முதற் காரணம். வட இந்தியாவில் பாலையும் நீரையும் தூளையும் இஞ்சியையும் ஒரே பாத்திரத்தில் பொங்கப் பொங்கக் கொதிக்கவைப்பார்கள். அது வேறொரு பானம், அதற்கும் அதற்குரிய அழகு உண்டு. தமிழ்நாட்டு டீக்கடையில் துணிப் பையில் டஸ்ட் தூளைப் போட்டு, பாய்லரிலிருந்து வரும் கொதிநீரை அதன் வழியாக விடுகிறார் டீ மாஸ்டர். டஸ்ட் மிக நுண்ணியது என்பதால், நீர் அதைக் கடந்து செல்லும் சிறிது நேரத்திலேயே நிறமும் திடமும் வந்துவிடுகின்றன. தூளை நீரில் போட்டு நெடுநேரம் கொதிக்கவிட்டால் மட்டும் வரும் அந்தக் காட்டமான கசப்பு, இப்படி வடித்ததில் குறைவு. வீட்டில் ‘ஸ்ட்ராங்’ வேண்டும் என்பதற்காக நாம் நேரத்தைக் கூட்டுகிறோம். டீ மாஸ்டரோ தூளைக் கூட்டுகிறார். இந்த ஒரு வேறுபாட்டை மாற்றிக்கொண்டாலே பாதித் தூரம் கடந்துவிடலாம்.

மீதிப் பாதி ஆற்றுவது. உயரத்திலிருந்து விழும் தேநீர் காற்றை இழுத்துக்கொண்டு நுரைக்கிறது. கொதிநிலையிலிருந்து குடிக்கும் சூட்டுக்கு இறங்குகிறது. அடியில் கிடக்கும் சர்க்கரையும் கரைந்துவிடுகிறது. நுரையோடு கூடிய பால் நாக்குக்குக் கொழுப்பாகத் தோன்றும், பாலின் அளவு குறைவாகவே இருந்தாலும். இந்தக் கைத்திறன் கடல் கடந்தும் போயிருக்கிறது: மலேசியாவில் தமிழ் முஸ்லிம்களின் கடைகளோடு பெயர்பெற்ற ‘தே தாரிக்’, டின் பாலை விட்டு நீட்டி ஆற்றும் தேநீர்தான்.

வீட்டில் இப்படிச் செய்து பாருங்கள். 150 மில்லி நீரைக் கொதிக்கவிட்டு அடுப்பை அணைத்து, 8 கிராம் டஸ்ட் தூளைத் தூவி, மூடி, மூன்று நிமிடம் கழித்து நல்ல துணியில் வடித்துக்கொள்ளுங்கள். தனியே காய்ச்சிய, தண்ணீர் கலக்காத பாலைச் சர்க்கரை போட்ட தம்ளரில் முக்கால் அளவு ஊற்றி, மேலே டிகாஷனை விட்டு, இரண்டு மூன்று முறை ஆற்றுங்கள். இந்த டிகாஷன் இரண்டு பேருக்குப் போதும். வடித்த துணியைச் சோப்புப் போட்டுக் கழுவாமல், வெந்நீரில் அலசிக் காயவைப்பது நல்லது; சோப்பின் வாடை அடுத்த நாள் தேநீரில் எழும். காலையில் போட்ட டிகாஷனை மாலையில் சூடுபடுத்திக் கொடுக்கும் கடைகளைப் பற்றி எனக்கு நல்ல சொல் எதுவும் இல்லை.

கேள்வி: நுவரெலியா, டிம்புள, ஊவா என்று பெயர் போட்டுத் தேயிலை விற்கிறார்கள். பெயர் மட்டும்தான் வேறா, தேத்தண்ணியும் வேறா? நாங்கள் சீனியைக் கடித்துக்கொண்டு பிளேன்ரீ குடிப்பவர்கள்.
(ஒரு வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: பால் கலக்காமல் குடிப்பவர் என்பதால் இந்த வேறுபாட்டை அறிய உங்களுக்குத்தான் வாய்ப்பு மிகுதி. இலங்கையில் தேயிலையை உயரத்தைக் கொண்டே முதலில் பிரிக்கிறார்கள்: ஏறத்தாழ 600 மீட்டருக்குக் கீழே விளைவது தாழ்நிலம், 600 முதல் 1,200 வரை இடைநிலம், அதற்கு மேல் உயர்நிலம். உயரம் கூடக் கூடக் குளிரில் தளிர் மெதுவாக வளர்கிறது. சாயம் வெளிறுகிறது, மணம் கூடுகிறது.

மூன்றிலும் உயரமான நுவரெலியாவின் சாயம் இளம்பொன் நிறம், மெலிந்த உடல் (வாயில் உணரும் கனம்), பூமணம். மலையின் மேற்குச் சரிவான டிம்புளவில் நன்கு வாய்க்கும் காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. அப்போது வடகிழக்குப் பருவமழை மறுபக்கம் பெய்து ஓய்ந்து, இந்தப் பக்கம் வறண்டு குளிர்ந்திருக்கும். கிழக்குச் சரிவான ஊவாவின் காலம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை. தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவில் கொட்டித் தீர்த்த பின், ஈரம் இழந்த காற்று மலையைத் தாண்டிக் கீழே இறங்கி ஊவாத் தோட்டங்களை உலர்த்தும். கிழக்கு மாகாணத்தார் கச்சான் என்று சொல்லும் அந்தக் காற்றில் நீர் குறைந்து வாடும் செடி, தன்னைக் காத்துக்கொள்ளச் சில பொருள்களைச் சுரக்கிறது. அவற்றுள் ஒன்றான மெத்தில் சாலிசிலேட், தலைவலித் தைலத்தை நினைவூட்டும் குளிர்ச்சியான வாசனையைத் தேநீருக்குத் தருகிறது. முதன்முறை குடிப்பவர் கோப்பை சரியாகக் கழுவப்படவில்லையோ என்று ஐயுறுவார். பழகியவர் அதற்காகவே கூடுதல் விலை கொடுப்பார். தென்பகுதியின் தாழ்நிலத் தேயிலையான ருகுணு, கறுத்த கடும் சாயம். மத்திய கிழக்கு நாடுகளில் அதற்குத்தான் கிராக்கி.

ஒப்பிட விரும்பினால் சீனியைச் சாயத்துக்குள் போடாமல், நீங்கள் செய்வதுபோலவே கடித்துக்கொள்ளுங்கள். முதல் மிடறை மட்டும் வெறும் நாக்கில் வாங்குங்கள். பனங்கட்டியைக் கடித்தால் ருகுணுவுக்குப் பொருந்தும். நுவரெலியாவைப் பனங்கட்டியின் மணம் விழுங்கிவிடும்.

1867இல் கண்டிக்கு அருகே லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை வணிகப் பயிராக நட்டதையும், சில ஆண்டுகளில் கோப்பிச் செடிகளை இலைத்துரு நோய் அழித்ததையும் பொட்டலங்களின் முதுகில் படிக்கலாம். அந்த மலைகளில் கொழுந்து பறித்த தமிழர்களைப் பற்றி அதே பொட்டலங்களில் ஒரு வரிகூட இருப்பதில்லை. 1964இன் இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் பலர் நீலகிரியிலும் அதே கொழுந்தைத்தான் பறித்தார்கள். தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ அவர்களுக்கு வேலை தரவே தொடங்கப்பட்டது. இரண்டு நாட்டுத் தேநீரையும் அருகருகே வைத்துச் சுவைப்பவர் அறிந்திருக்க வேண்டிய தொடர்பு இது.

கேள்வி: உடலுக்கு நல்லது என்று கிரீன் டீ வாங்கினோம். வேப்பிலைக் கஷாயம்போல் கசக்கிறது. எல்லோரும் சகித்துக்கொண்டுதான் குடிக்கிறார்களா?
(ஒரு வாசகி, மதுரை)

பதில்: கொதிநீரை ஊற்றினால் சகிக்கத்தான் வேண்டும். பச்சைத் தேயிலையும் கறுப்புத் தேயிலையும் ஒரே செடியின் இலைகள். பறித்த உடனே ஆவியில் அவித்தோ சூடான சட்டியில் வறுத்தோ இலையைக் கருக்கவைக்கும் நொதியைச் செயலிழக்கச் செய்துவிட்டால் இலை பச்சையாகவே நிற்கும். ஜப்பானியர் அவிக்கிறார்கள், சீனர் பெரும்பாலும் வறுக்கிறார்கள். கருத்திருந்தால் வேறு பொருள்களாக மாறியிருக்கக்கூடிய கேட்டகின்கள் இதில் அப்படியே இருக்கின்றன. கசப்பும் துவர்ப்பும் அவற்றுடையவை. சூடு மிகுந்தால் அவை மிகுதியாகக் கரையும். இனிப்பும் நிறைவும் தருகிற தியானின் என்னும் அமினோ அமிலமோ குறைந்த சூட்டிலேயே இறங்கிவிடும். ஆகவே 70 முதல் 80 டிகிரி நீரும் ஒன்றரை, இரண்டு நிமிடமுமே போதும். நிழலில் வளர்த்துப் பறிக்கப்படும் ஜப்பானின் கியோகுரோவுக்கு 50, 60 டிகிரியே மிகுதி.

வெப்பமானி தேவையில்லை. கொதித்த நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 10 டிகிரி குறையும் என்பது ஜப்பானியர் கணக்கு. நமக்குப் பழக்கமான வேலைதான்: தேநீரைப் போடுவதற்கு முன்பே நீரை இரண்டு மூன்று முறை ஆற்றிவிடுங்கள். தேனையும் எலுமிச்சையையும் பிறகு யோசிக்கலாம். தேவைப்படாது என்றே நினைக்கிறேன். பையில் அடைத்து வரும் மலிவான பச்சைத் தூளாக இருந்தால் மட்டும், நீரை எவ்வளவு ஆற்றினாலும் கசப்பு முழுவதும் போகாது.

கேள்வி: பொட்டலங்களில் பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் என்று போடுகிறார்களே, டஸ்ட் என்றால் கூட்டி அள்ளியதா?
(ஒரு வாசகர், சேலம்)

பதில்: இல்லை. சல்லடைகளில் சலித்துப் பிரிக்கும்போது எந்தக் கண்ணில் தங்கியது என்பதையே அந்த எழுத்துகள் சொல்கின்றன. ருசியைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. நீள இலை ஓ.பி., உடைந்தது பி.ஓ.பி., அதனினும் சிறியது பி.ஓ.பி.எஃப்., கடைசியாக டஸ்ட். துகள் சிறுக்கச் சிறுக்க நீர் படும் பரப்பு கூடுகிறது. சாயம் விரைவாகவும் கடுமையாகவும் இறங்கும், மணம் முந்திக்கொண்டு போய்விடும். நல்ல தோட்டத்தின் டஸ்ட், மோசமான தோட்டத்தின் நீள இலையைவிட மேலானது. ஒப்பிடும்போது ஒரே தரக்குறியீடு உள்ளவற்றையே அருகருகே வையுங்கள், பி.ஓ.பி.யையும் டஸ்டையும் ஒரே நேரம் ஊறவைத்து ஒப்பிட்டால், நீங்கள் அளப்பது சல்லடையைத்தான்.

கேள்வி: சீனர்கள் சின்னஞ்சிறு கிண்ணத்தில் ஒரே இலையை ஏழெட்டு முறை ஊறவைத்துக் குடிப்பதைக் காணொளிகளில் பார்க்கிறேன். இது சடங்கா, இதில் உண்மையாகவே சுவை வேறுபடுகிறதா? முதல் ஊறலைக் கொட்டிவிட்டால் கஃபீன் போய்விடும் என்பது சரியா?
(ஒரு வாசகர், சிங்கப்பூர்)

பதில்: சுவை வேறுபடுகிறது. ஃபூஜியான் மாகாணத்திலும் குவாங்டோங்கின் சாவோசோ வட்டாரத்திலும் பச்சைக்கும் கறுப்புக்கும் இடைப்பட்ட ஊலாங் தேயிலைக்காக வளர்ந்த முறை இது. அதைக் கோங்ஃபூ என்கிறார்கள். 100 மில்லி பிடிக்கும் மூடி போட்ட கிண்ணத்தில் 5 முதல் 7 கிராம் வரை இலை, அதாவது சாதாரண அளவைப்போல இரண்டரை முதல் மூன்றரை மடங்கு வரை. கொதிநீர் ஊற்றிப் பத்துப் பதினைந்து நொடியில் வடித்துவிடுவார்கள். அடுத்தடுத்த ஊறலில் நேரம் சிறிது சிறிதாகக் கூடும். முதலிரண்டு ஊறலில் மேலெழும் மணமும், மூன்று நான்கில் உடலும் துவர்ப்பும், கடைசியில் மரத்தின் இனிப்பும் வருவதால், ஒரே இலை தன்னைப் பகுதி பகுதியாகக் காட்டுகிறது. பெரிய கூஜாவில் நான்கு நிமிடம் ஊறவைத்தால் இவை அனைத்தும் ஒன்றாகக் கலந்துவிடும்.

முழு இலைக்கு மட்டுமே இது பொருந்தும். சுருண்ட இலை மெல்ல அவிழ்வதை நம்பியிருக்கும் முறையில் சி.டி.சி. தூளைப் போட்டால், முதல் ஊறலிலேயே எல்லாம் முடிந்து இரண்டாவதில் வெறும் நிறநீர் வரும். குளிர்காலத்தில், டிசம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில் பறிக்கப்படும் நீலகிரி முழு இலையைக் கொண்டு முயன்று பாருங்கள். நான்கு ஊறல் வரை தாக்குப்பிடிக்கும்.

கஃபீன் பற்றிய நம்பிக்கை சரியன்று. சில நொடி அலசலில் போவது ஒரு சிறு பகுதியே. இலையை விழிக்கச் செய்யவும் தூசி நீக்கவும் அந்த அலசல் உதவும். தூக்கம் கெடும் என்று அஞ்சுபவர் மாலையில் குடிக்காமல் இருப்பதே வழி.

கேள்வி: ஐஸ் டீ செய்யும்போது தேநீர் பால் கலந்ததுபோல் கலங்கிவிடுகிறது. தூளில் கலப்படமா?
(ஒரு வாசகி, துபாய்)

பதில்: அன்று. கடுமையான தேநீர் குளிரும்போது கஃபீனும் தியாஃபிளேவின் போன்ற பொருள்களும் ஒன்றுசேர்ந்து நுண்துகள்களாகப் பிரிவதால் கலங்குகிறது. சூடுபடுத்தினால் மீண்டும் தெளியும். அசாம் தேநீரில் இது மிகுதி, அங்கே இதைச் சிறப்பாகவே கொள்வார்கள். நீலகிரித் தேநீர் குளிர்ந்தாலும் பெரும்பாலும் தெளிவாகவே நிற்பதால் ஐஸ் டீக்கு அதையே விரும்புகிறார்கள். இன்னும் எளிய வழி: ஒரு லிட்டர் குளிர்ந்த நீரில் 10 கிராம் இலையைப் போட்டு, இரவு முழுவதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக் காலையில் வடித்துவிடுங்கள். துவர்ப்பு குறைவாகவும் இனிப்புச் சாயலோடும் இருக்கும்; கலங்காது.

உண்மையாகவே கலப்படத்தை ஐயுற்றால் உணவுப் பாதுகாப்புத் துறை சொல்லும் ஓர் எளிய சோதனை உண்டு. வடிதாளின் மேல் சிறிது தூளைப் பரப்பி, நீர் தெளித்து நனைத்து, சற்று நேரம் கழித்துத் தூளை அகற்றிவிட்டுத் தாளைக் குழாய் நீரில் அலசி, வெளிச்சத்தில் பாருங்கள். சாயம் ஏற்றிய தூளாக இருந்தால் தாளில் கறை நிற்கும். நல்ல தேயிலை குளிர்ந்த நீரில் அவ்வளவு விரைவாக நிறம் விடாது. இரும்புத் துகள் கலந்திருக்கிறதா என்பதை ஒரு காந்தத்தைத் தூளின் மேல் நகர்த்தியே அறிந்துகொள்ளலாம்.